விதிகளை மாற்றித் தோற்கடிக்கப்பட்ட தலைவர்: கயானாவின் செடி ஜகன்

கயானாவின் விடுதலை இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் செடி ஜகன் (1918–1997). கரும்புத் தோட்டக் கூலிகளின் மகன், பல் மருத்துவர், தொழிற்சங்கத் தலைவர், மார்க்சியர், விடுதலைக்கு முன் அந்நாட்டின் முதல் பிரதமர், இறுதியில் அதன் குடியரசுத் தலைவர். 1953, 1957, 1961 என அடுத்தடுத்து மூன்று பொதுத் தேர்தல்களில் அவர் வென்றார். முதல் முறை ஆட்சியேற்ற 133 நாள்களில் பிரிட்டன் அரசமைப்பை முடக்கியது. மூன்றாவது வெற்றிக்குப் பின் தேர்தல் முறையை மாற்றியது. விடுதலைக்குப் பிறகு ஆட்சியில் இருந்தவர்கள் வாக்குப் பெட்டியிலேயே கைவைத்தார்கள். ஏறக்குறைய 28 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் கழித்துவிட்டு, 74ஆவது வயதில்தான் அவரால் ஆட்சிக்குத் திரும்ப முடிந்தது. பனிப்போர்க் காலத்தில் ஒரு சிறிய நாட்டின் மக்கள் தீர்ப்புக்கு வல்லரசுகள் என்ன மதிப்புக் கொடுத்தன என்பதற்கு இந்த வாழ்க்கை ஒரு சாட்சியம்.

சர்க்கரை முதலாளிகளின் நாடு

கயானா தென் அமெரிக்க நிலப்பரப்பில், வெனிசுலாவுக்கும் சூரினாமுக்கும் நடுவில், பிரேசிலின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஆனால் மொழி, வரலாறு, கிரிக்கெட் எல்லாவற்றாலும் அது கரீபிய நாடு. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகோமின் தலைமைச் செயலகம் அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் உள்ளது. பரப்பு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். என்றாலும் மக்களில் பெரும்பாலோர் கடலோரத்தின் ஒடுங்கிய நிலப்பட்டையில் வாழ்கிறார்கள். கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த அந்த நிலத்தை, டச்சுக்காரர் காலத்திலிருந்து கட்டப்பட்ட கடற்சுவர்களும் வடிகால்களும் மதகுகளும்தான் காத்துவருகின்றன. அவற்றை வெட்டியதும் கட்டியதும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

1838இல் அடிமை முறை முற்றாக முடிவுக்கு வந்த வேளையில், கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். அந்த ஆண்டு தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்தின் வழியாகச் சென்ற போஜ்புரி, அவதி மொழிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பல ஆயிரம் பேர் சென்றார்கள். ‘மதராசி’ என்று அங்கே அழைக்கப்பட்ட தமிழர், தெலுங்கர் வழிவந்தவர்கள் பெர்பிஸ் பகுதியில் இன்றும் மாரியம்மன், காளி வழிபாட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் தோட்டங்களை விட்டு விலகி, கிராமங்களை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். நகரம், பள்ளி, காவல் துறை, அரசு அலுவலகம், பாக்சைட் சுரங்கம் ஆகியவை அவர்களின் களங்களாயின. இந்தியர்கள் கரும்பிலும் நெல்லிலும் தங்கிவிட்டார்கள். கூலியைக் குறைத்து வைக்க ஓரினத்துக்கு எதிராக இன்னோரினத்தை நிறுத்துவது முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை புக்கர் என்ற ஒரே லண்டன் நிறுவனத்தின் கையில் இருந்தன. கடை, கப்பல், மருந்து, ரம் எதைத் தொட்டாலும் அதிலும் புக்கரே இருந்ததால், நாட்டையே ‘புக்கரின் கயானா’ என்று மக்கள் கேலி பேசினார்கள்.

போர்ட் மூரான்டிலிருந்து சிகாகோவுக்கு

பெர்பிஸ் பகுதியில் உள்ள போர்ட் மூரான்ட் கரும்புத் தோட்டத்தில் 1918 மார்ச் 22 அன்று செடி ஜகன் பிறந்தார். ரோகன் கன்ஹாய், பசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் ஆகிய கிரிக்கெட் வீரர்களைத் தந்ததும் இதே ஊர்தான். ஜகனின் பெற்றோர் இருவரும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து, ஒப்பந்தக் கூலிகளான தம் பெரியவர்களோடு குழந்தைகளாக வந்தவர்கள். இருவரும் சிறு வயதிலேயே கரும்புக் காட்டில் வேலைக்கு இறங்கினார்கள். தந்தை பின்னாளில் கங்காணி நிலைக்கு உயர்ந்தார். இந்தியத் தொழிலாளி ஒருவர் தோட்டத்தில் எட்டக்கூடிய உச்சப் பதவி அதுதான். அதற்கு மேல் இருந்த மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும் வெள்ளையர்கள். அவர்களுடைய குடியிருப்புகள் தனி. தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் தனி.

பதினொரு பிள்ளைகளில் மூத்தவரான ஜகனை ஜார்ஜ்டவுனின் குயின்ஸ் கல்லூரியில் படிக்கவைத்த தந்தை, 1936இல் கையிருப்பைத் திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள். பிறகு சிகாகோ பகுதியின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் படிப்பு. செலவுக்காகக் கிடைத்த சிறு வேலைகளையெல்லாம் செய்தார். அமெரிக்க நிறவெறியை நேரில் கண்டதும், இந்திய விடுதலைப் போராட்டச் செய்திகளும், மார்க்சிய நூல்களும் அவருடைய அரசியல் பார்வையை உருவாக்கின. சிகாகோவில் சந்தித்த ஜேனட் ரோசன்பர்க் என்ற யூதக் குடும்பத்துப் பெண்ணை 1943இல் மணந்தார். இடதுசாரிக் கருத்துகளில் கணவருக்குச் சற்றும் குறையாத ஜேனட், அவருடைய அரசியல் வாழ்வில் பாதிப் பொறுப்பைச் சுமந்தவர். அந்த ஆண்டே ஜகன் நாடு திரும்பி ஜார்ஜ்டவுனில் பல் மருத்துவமனை தொடங்கினார்.

1946இல் ஜகன் தம்பதியர் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து அரசியல் விவகாரக் குழு என்ற சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு நடந்த தேர்தலில், மத்திய டெமராரா தொகுதியிலிருந்து 29 வயதில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் ஜகன். சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்த காலம் அது. அந்த அவையில் கரும்புத் தொழிலாளியின் கூலி, லயங்களின் நிலை, நில உரிமை என்று ஒருவர் விடாமல் பேசியது ஆளும் வர்க்கத்துக்குப் புதிய அனுபவம்.

அவரை மக்கள் தலைவராக்கிய நிகழ்வு 1948இல் நடந்தது. வெட்டிய கரும்பைத் தொழிலாளியே சுமந்து படகில் ஏற்ற வேண்டும் என்ற முறையை எதிர்த்தும், தாங்கள் விரும்பிய சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டும் டெமராரா கடலோரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் காவல் துறை சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களின் உடல்களுடன் ஜார்ஜ்டவுன் வரை நடந்த நெடும் ஊர்வலத்துக்கு ஜகன் தலைமை தாங்கினார். பிரிட்டிஷ் ஆட்சியையும் தோட்ட முதலாளிகளின் ஆதிக்கத்தையும் ஒழிக்கத் தன் வாழ்நாளைச் செலவிடுவதாக அங்கே உறுதியெடுத்ததாக அவர் பின்னர் எழுதினார். என்மோர் தியாகிகள் நாள் இன்றும் கயானாவில் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது.

133 நாள் ஆட்சி

1950 ஜனவரியில் மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. ஜகன் தலைவர், ஜேனட் பொதுச் செயலர், லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய ஆப்பிரிக்க வம்சாவளி வழக்கறிஞர் ஃபோர்ப்ஸ் பர்னாம் அவைத் தலைவர். கரும்புக் காட்டின் இந்தியத் தொழிலாளியையும் நகரத்தின் ஆப்பிரிக்கத் தொழிலாளியையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்த முதல் பெரிய கட்சி அது. கயானா வரலாற்றில் அப்படியொரு ஒற்றுமை அதற்குப் பிறகு அமையவில்லை.

வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை அளித்த புதிய அரசமைப்பின்படி, 1953 ஏப்ரல் 27 அன்று தேர்தல் நடந்தது. 24 இடங்களில் 18ஐ மக்கள் முற்போக்குக் கட்சி வென்றது. ஜகன் வேளாண்மை, நிலம், கனிமத் துறைகளுடன் அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பர்னாம் கல்வி அமைச்சரானார். ஆனால் இறுதி அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. நிதி, காவல் போன்ற துறைகள் லண்டன் நியமித்த அதிகாரிகளின் கையில் இருந்தன.

தொழிலாளர்கள் எந்தச் சங்கத்தை விரும்புகிறார்களோ அதை முதலாளிகள் ஏற்றே தீர வேண்டும் என்ற தொழிலாளர் உறவு மசோதாவை அந்த அரசு கொண்டுவந்தது. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வந்த வாக்னர் சட்டம்தான் அதற்கு முன்மாதிரி. மசோதா அவையில் நிறைவேறிய மறுநாள், அக்டோபர் 9 அன்று, சர்ச்சில் அரசு கயானாவின் அரசமைப்பை முடக்கி அமைச்சர்களை நீக்கியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் படையினரும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். கம்யூனிஸ்ட் சதியைத் தடுக்கவே இந்த நடவடிக்கை என்றது லண்டன். படை இறங்கியபோது ஜார்ஜ்டவுனில் கலவரமோ ஆயுதக் கிளர்ச்சியோ நடந்துகொண்டிருக்கவில்லை.

நியாயம் கேட்டு ஜகனும் பர்னாமும் லண்டன் சென்றார்கள். அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்து நேருவைச் சந்தித்தார்கள். ஊர் திரும்பிய ஜகன், நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறியதற்காக 1954இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிரிட்டன் நியமித்த ராபர்ட்சன் ஆணையம், கட்சித் தலைவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்றும் சோஷலிஸ்டுகள் என்றும் இரு வகையாகப் பிரித்துக் காட்டியது. ஜகன் முதல் வகை. பர்னாம் இரண்டாம் வகை. பிளவுக்கு அது போட்டுக்கொடுத்த பாதை. 1955 பிப்ரவரியில் கட்சி இரண்டாக உடைந்தது.

பிளவின் பொறுப்பு முழுவதையும் பிரிட்டனின் தலையில் ஏற்றுவது சரியாகாது. தலைமைப் பதவி மீது பர்னாமுக்குத் தொடக்கத்திலிருந்தே கண் இருந்தது. ஜகன் தரப்பும், கொள்கைப் பிடிவாதத்தில், ஆப்பிரிக்கத் தோழர்களின் ஐயங்களுக்குக் காது கொடுக்கவில்லை. கரீபியத் தீவுகள் 1958இல் அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சியில் சேர ஜகன் மறுத்ததை, இந்தியர்கள் தம் பெரும்பான்மையை இழக்க விரும்பவில்லை என்பதன் அடையாளமாகவே ஆப்பிரிக்க வம்சாவளியினர் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள், பிளவுபட்ட இரு அணிகளும் இரண்டு இனங்களின் கட்சிகளாகக் கெட்டித்துப்போயின.

கென்னடியின் சந்தேகம்

1957 தேர்தலில் 14 இடங்களில் ஒன்பதை ஜகன் அணி வென்றது. பர்னாமுக்குக் கிடைத்தவை மூன்று. பர்னாம் தன் அணியை மக்கள் தேசிய காங்கிரஸ் என்ற தனிக் கட்சியாக்கினார். பிளாக் புஷ் போல்டர் போன்ற நில மேம்பாட்டுத் திட்டங்கள், நெல் சாகுபடி விரிவு, சுகாதாரப் பணிகள் என்று நான்காண்டுகள் ஓடின. கிராமத்து இந்தியருக்கு இவை பயன்பட்ட அளவுக்கு நகரத்து ஆப்பிரிக்கருக்குப் பயன்படவில்லை என்ற மனக்குறையும் அதே வேகத்தில் வளர்ந்தது.

1961 ஆகஸ்ட் தேர்தலில் ஜகன் கட்சிக்கு 42.6 சதவீத வாக்குகளும் 35இல் 20 இடங்களும் கிடைத்தன. ஏறத்தாழ 41 சதவீத வாக்கு பெற்ற பர்னாம் கட்சிக்கு 11 இடங்கள்; வணிகர் பீட்டர் டி’அகியாரின் ஐக்கிய சக்திக் கட்சிக்கு நான்கு. உள்நாட்டு ஆட்சியுரிமை பெற்ற கயானாவின் முதல் பிரதமரானார் ஜகன். அடுத்தது முழு விடுதலைதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

காலம் அவருக்கு எதிராக இருந்தது. கியூபாவில் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க அமெரிக்கா ஏவிய பன்றி வளைகுடாப் படையெடுப்பு நான்கு மாதங்களுக்கு முன்புதான் தோற்றிருந்தது. அக்டோபரில் ஜகன் வாஷிங்டன் சென்று பொருளாதார உதவி கேட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில், சோவியத் ஒன்றியத்தைக் குறைகூற வைக்கும் கேள்விகளுக்கு அவர் நேர்ப் பதில் தராமல் நழுவினார். அதைப் பார்த்த அதிபர் கென்னடியின் சந்தேகம் வலுத்தது என்று அவருடைய ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் பின்னாளில் எழுதினார். கியூபாவை அடுத்து இன்னொரு கம்யூனிஸ்ட் நாடு அமெரிக்காவின் அருகில் உருவாக விடக் கூடாது என்பது வெள்ளை மாளிகையின் முடிவாயிற்று. ஜகனை அகற்றும் பணி அமெரிக்க உளவுத் துறையான சிஐஏவிடம் போனது.

1962 தொடக்கத்தில் ஜகன் அரசு தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தை வகுத்துக்கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர். இந்தியாவுக்கும் 1956இல் வரிச் சீர்திருத்த அறிக்கை தந்தவர் அவர். அதை அடியொற்றியே 1957இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். கயானாவில் சொத்து வரி, மூலதன ஆதாய வரி, கொடை வரி ஆகியவற்றோடு, மாதம் 100 டாலருக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்குக் கட்டாயச் சேமிப்பும் சேர்ந்தது. பணக்காரரின் கோபமும் நகரத்து ஊழியரின் கோபமும் ஒன்றுகூடின. பிப்ரவரி 16 அன்று ஜார்ஜ்டவுனின் வணிகப் பகுதியில் கொள்ளையும் தீவைப்பும் நடந்தன. ‘கறுப்பு வெள்ளி’ என்று பெயர் பெற்ற அந்த நாளில், நிலைமையை அடக்க ஜகன் பிரிட்டிஷ் படையின் உதவியையே கேட்க நேர்ந்தது. யாருடைய ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டாரோ அவர்களின் துப்பாக்கியை நம்பித்தான் அவருடைய அரசு நிற்க முடிந்தது.

1963இல் தொழிலாளர் உறவு மசோதாவை ஜகன் மறுபடி கொண்டுவந்தபோது 80 நாள் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாக வந்த பணத்தின் பின்னணியில் சிஐஏ இருந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்கப் பத்திரிகைகளே இதை வெளிப்படுத்தின. 1963 ஜூனில் பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனைச் சந்தித்த கென்னடி, ஜகன் தலைமையில் கயானாவுக்கு விடுதலை தரக் கூடாது என்று வற்புறுத்தினார்.

வாக்கு கூடியது, ஆட்சி போனது

1963 அக்டோபரில் லண்டனில் நடந்த மாநாட்டில் ஜகன், பர்னாம், டி’அகியார் மூவராலும் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை. முடிவைப் பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் துறை அமைச்சர் டங்கன் சாண்டிஸே எடுக்கட்டும் என்ற கடிதத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். ஜகனின் அரசியல் வாழ்க்கையில் மிகப் பெரிய பிழை இந்தக் கையெழுத்துதான். எதிராளியையே நடுவராக ஏற்றுக்கொண்டுவிட்டு நியாயமான தீர்ப்பை எதிர்பார்த்தார். தொகுதி முறையை நீக்கிவிட்டு, நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைச் சாண்டிஸ் அறிவித்தார். வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்க வேண்டும் என்ற ஜகனின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

விகிதாசார முறை தன்னளவில் அநீதியானதன்று. 42.6 சதவீத வாக்குக்கு 57 சதவீத இடங்கள் கிடைத்தது தொகுதி முறையின் கோளாறு என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பிரிட்டன் தன் நாடாளுமன்றத்துக்கு அந்த முறையை ஏற்கவில்லை. ஜகனை வீழ்த்தப் பயன்படும் என்று கணக்கிட்ட பிறகே கயானாவில் அதைப் புகுத்தியது. நோக்கம் மக்களின் விருப்பத்தைத் துல்லியமாக அளப்பதாக இருந்திருந்தால், அதே அக்கறை 1968 முதல் நடந்த மோசடித் தேர்தல்களின்போதும் வெளிப்பட்டிருக்க வேண்டும். அப்போது லண்டனும் வாஷிங்டனும் வாய் திறக்கவில்லை.

1964 ஆண்டு இரத்தத்தில் நனைந்தது. கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இன மோதலாக மாறியது. மே மாத இறுதியில் பாக்சைட் நகரமான விஸ்மரில் இந்தியக் குடும்பங்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டன. காவல் துறை செயலற்று நின்றதைக் கண்டித்து, உள்துறை அமைச்சராக இருந்த ஜேனட் ஜகன் பதவி விலகினார். ஜூலையில் ‘சன் சாப்மன்’ என்ற படகில் வெடித்த குண்டுக்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் பலியானார்கள். அந்த ஆண்டு மோதல்களில் 170க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து தம் இனத்தவர் வாழும் ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். கலந்து வாழ்ந்த கிராமங்கள் பிரிந்தன. அந்த இடப்பெயர்வின் தடம் இன்றைய தேர்தல் வரைபடத்திலும் தெரிகிறது.

டிசம்பர் தேர்தலில் ஜகன் கட்சியின் வாக்கு 45.8 சதவீதமாக உயர்ந்தது. 53இல் 24 இடங்களுடன் அதுவே பெரிய கட்சி. பர்னாமுக்கு 22, டி’அகியாருக்கு 7. பதவி விலக ஜகன் மறுத்ததால், அவரை நீக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளிக்க லண்டன் அவசரமாக அரசமைப்பைத் திருத்தியது. பர்னாமும் டி’அகியாரும் கூட்டணி அரசு அமைத்தார்கள். தாங்கள் ஏமாற்றப்பட்டோம், தோற்கடிக்கப்படவில்லை என்பது ஜகன் தொண்டர்களின் முழக்கமாயிற்று. ஜகனுக்கு மறுக்கப்பட்ட விடுதலை, 1966 மே 26 அன்று பர்னாமின் கையில் தரப்பட்டது. ஜகன் அந்த ஆண்டு வெளியிட்ட ‘தி வெஸ்ட் ஆன் ட்ரையல்’ என்ற நூல், இந்த நிகழ்வுகளை அவருடைய தரப்பிலிருந்து விவரிக்கும் முதன்மை ஆவணம்.

எதிர்க்கட்சி வரிசையில் 28 ஆண்டுகள்

மேற்குலகம் மிதவாதி என்று கருதித் தூக்கிவிட்ட பர்னாம், சில ஆண்டுகளிலேயே கூட்டணிக் கட்சியைக் கைகழுவினார். 1968 தேர்தலில் வெளிநாடுவாழ் கயானியர் பெயரில் பல ஆயிரம் வாக்குகள் பதிவாயின. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு ஒன்று விசாரித்தபோது, பட்டியலில் இருந்த பலர் அந்த முகவரிகளில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. 1973இல் வாக்குப் பெட்டிகளை இராணுவம் எடுத்துச்சென்றது. பெர்பிஸில் பெட்டிகளைக் காக்க முயன்ற ஜகன் கட்சித் தொண்டர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1980இல் முழு அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவர் பதவியைப் பர்னாம் தனக்கென உருவாக்கிக்கொண்டார். வரலாற்றாசிரியரும் எதிர்க்கட்சிகளில் ஒன்றின் தலைவருமான வால்டர் ரோட்னி அதே ஆண்டு ஜூனில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

கம்யூனிசத்தைத் தடுக்கவென்று ஆட்சியில் அமர்த்தப்பட்ட அதே பர்னாம்தான் பாக்சைட் நிறுவனத்தை 1971இலும் புக்கரின் தோட்டங்களை 1976இலும் நாட்டுடைமையாக்கினார். ஜகன் செய்துவிடுவார் என்று அஞ்சியவற்றைப் பர்னாம் செய்தார். அதுவும் கட்சிக்காரர்களை நிரப்பி, நிர்வாகத்தைச் சீரழித்துச் செய்தார். அந்நியச் செலாவணி வற்றியதும் கோதுமை மாவு உள்ளிட்ட அன்றாடப் பொருள்களின் இறக்குமதியே தடை செய்யப்பட்டது. படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வட அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வெளியேறினார்கள்.

இந்தக் காலத்தில் ஜகனின் நிலைப்பாடுகள் எல்லாமே பாராட்டத் தக்கவை அல்ல. 1969இல் மாஸ்கோ மாநாட்டில் தன் கட்சியை உலகக் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு முறைப்படி இணைத்தார். அதன்மூலம், தன் மீதான பழைய குற்றச்சாட்டுக்குத் தானே சான்று கொடுத்தார். சோவியத் ஒன்றியத்தின் அடக்குமுறைகளைப் பற்றி அவர் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியதில்லை. 1975இல், நாட்டுடைமை நடவடிக்கைகளைக் காரணம் காட்டி, தன் வெற்றிகளைத் திருடிய பர்னாம் அரசுக்கே ‘விமர்சனத்துடன் கூடிய ஆதரவு’ அளித்தார். கொள்கைக் கணக்கில் அது பொருந்தியிருக்கலாம். அடிவாங்கிய தொண்டர்களுக்கு அதை விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நெகிழவே இல்லை. ஆயுதம் ஏந்தும் பாதையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டை விட்டு வெளியேறவும் இல்லை. மோசடி நடக்கும் என்று தெரிந்தே தேர்தல்களைச் சந்தித்தார். நேர்மையான வாக்கெடுப்பு என்ற ஒற்றைக் கோரிக்கையை நாடாளுமன்றத்திலும் தோட்டத்துக் கூட்டங்களிலும் வெளிநாட்டு மேடைகளிலும் திரும்பத் திரும்ப வைத்தார். லத்தீன் அமெரிக்காவில் எத்தனையோ இடதுசாரி இயக்கங்கள் காடுகளுக்குள் சென்ற காலம் அது என்பதை நினைவில் கொண்டால் இந்த உறுதியின் அருமை விளங்கும்.

திரும்பக் கிடைத்த ஆட்சி

பர்னாம் 1985 ஆகஸ்டில் இறந்தார். அடுத்து வந்த டெஸ்மண்ட் ஹோய்ட், அதே பாணியில் ஒரு தேர்தலை நடத்தி முடித்தாலும், திவாலாகும் நிலையில் இருந்த நாட்டுக்கு மேற்கத்தியக் கடன் தேவைப்பட்டது. பனிப்போர் முடிந்ததும் ஜகன் மீதான அச்சத்துக்கும் பொருளில்லாமல் போயிற்று. 1990இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நடுவராக வந்து, புதிய வாக்காளர் பட்டியலுக்கும், வாக்குச்சாவடியிலேயே வாக்குகளை எண்ணுவதற்கும் ஹோய்ட்டை இணங்கவைத்தார். பெட்டிகள் வழியில் மாறிவிடும் பழைய உத்திக்கு அதோடு கதவு அடைபட்டது. அந்த ஆண்டே, நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சியில், கென்னடியின் ஆலோசகர் ஷ்லெசிங்கர், ஜகனுக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாக அவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

1992 அக்டோபர் 5 தேர்தலில் 53.5 சதவீத வாக்குகளுடன் ஜகன் வென்றார். பதவியேற்றது அக்டோபர் 9 அன்று. அவருடைய முதல் அரசைப் பிரிட்டன் கலைத்த அதே தேதி, 39 ஆண்டுகள் கழித்து. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர் சாமுவேல் ஹைண்ட்ஸைப் பிரதமராக நியமித்தார். கட்சிக்கு வெளியே இருந்தவர்களையும் சேர்த்த ‘சிவிக்’ அணி, இன எல்லையைக் கடக்க அவர் எடுத்த முயற்சி. ஆனால் வாக்காளர்கள் பெரும்பாலும் தத்தம் இனத்தின் பக்கமே நின்றார்கள்.

அவர் பொறுப்பேற்றபோது நாட்டின் வெளிக்கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அரசு வருவாயின் பெரும்பகுதி தவணை கட்டவே போயிற்று. மார்க்சியரான ஜகன், பன்னாட்டு நிதியத்துடன் ஹோய்ட் தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. தனியார் முதலீட்டையும் வரவேற்றார். அதே வேளையில் கடன் தள்ளுபடிக்காக ஓயாமல் வாதாடினார். 1996இல் கடன் கொடுத்த நாடுகளின் பாரிஸ் மன்றம் கணிசமான பகுதியைத் தள்ளுபடி செய்தது. 1995இல் ஒமாய் தங்கச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் உடைந்து சயனைடு கலந்த நீர் எஸக்கிபோ ஆற்றில் பாய்ந்தது, வெளிநாட்டு முதலீட்டின் மறுபக்கத்தையும் அவருடைய அரசுக்குக் காட்டியது. செல்வந்த நாடுகளும் ஏழை நாடுகளும் கடன், வறுமை, வளர்ச்சி ஆகியவற்றுக்குப் பொதுத் தீர்வு காண வேண்டும் என்ற அவருடைய ‘புதிய உலக மனித ஒழுங்கு’ கருத்து, அவர் இறந்த பிறகு 2000இல் ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானமாக நிறைவேறியது.

1997 பிப்ரவரியில் மாரடைப்பு ஏற்பட்டு, வாஷிங்டனில் இருந்த வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் மார்ச் 6 அன்று ஜகன் காலமானார். பிறந்த ஊரான போர்ட் மூரான்டை அடுத்த பாபு ஜானில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் வென்று ஜேனட் ஜகன் குடியரசுத் தலைவரானார். 1999இல் உடல்நலம் காரணமாக விலகினார்.

எஞ்சியிருப்பது என்ன?

ஜகன் எதைச் சாதித்தார் என்ற கேள்விக்கு, ஆட்சிக் காலத் திட்டங்களை மட்டும் பட்டியலிட்டால் விடை சிறியதாகவே இருக்கும். மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக அவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அதில் பெரும்பகுதி ஆளுநரின் நிழலில் கழிந்தது. 1963இல் அவர் தொடங்கிய கயானா பல்கலைக்கழகமும், நிலச் சீரமைப்புத் திட்டங்களும் நிலைத்தன. அவர் இறுதி வரை நம்பிய சோவியத் வழி சோஷலிசம் அவர் கண் முன்னாலேயே சரிந்தது. 1950இல் அவரும் பர்னாமும் கட்டிய இன ஒற்றுமையை அவரால் மீட்க முடியவில்லை. அந்தத் தோல்வியில் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் பர்னாமுக்கும் உள்ள பங்கு பெரியது. ஆனால் ஜகனுக்குப் பங்கே இல்லை என்று வரலாறு சொல்லாது.

அவர் விட்டுச்சென்றவற்றில் உறுதியானது வாக்குச்சாவடியிலேயே எண்ணப்படும் வாக்கு. அதன் வலிமை 2020இல் சோதிக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 2 அன்று நடந்த தேர்தலின் முடிவை மாற்றி அறிவிக்கும் முயற்சிகள் நடந்தன. ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக் கையெழுத்திட்ட தாள்கள் கட்சிகளின் கையில் இருந்ததால் மோசடி அம்பலமானது. மறு எண்ணிக்கையும் நீதிமன்ற வழக்குகளுமாக ஐந்து மாதங்கள் இழுபட்டு, 15,416 வாக்கு வித்தியாசத்தில் ஜகனின் கட்சி வென்றதாக ஆகஸ்ட் 2 அன்று அறிவிக்கப்பட்டது. ஆழ்கடல் எண்ணெய் வளத்தால் செல்வம் பெருகத் தொடங்கியிருக்கும் கயானாவில், ஆட்சியைக் கைப்பற்றுவதன் மதிப்பு முன்பைவிடப் பலமடங்கு கூடியிருக்கிறது.

தேர்தலில் வென்ற அரசை வெளியிலிருந்து கலைப்பவர்கள், ஒரு கட்சியை மட்டும் வீழ்த்துவதில்லை. வாக்கின் மீதான நம்பிக்கையை ஒரு தலைமுறைக்கு வீழ்த்துகிறார்கள். 1953இலும் 1964இலும் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்ததற்குக் கயானா கொடுத்த விலை 24 ஆண்டு மோசடி ஆட்சியும், இன்னும் ஆறாத இனப் பிளவும். அந்த விலையைக் கொடுத்த பிறகும் வாக்குச்சீட்டை விட்டு விலகாமல் நின்றதே செடி ஜகனின் முதன்மையான சாதனை.